கணிப்பொறியின் முற்றெச்சம்

வாசல் தெளிப்பதற்கு ஒரு வேளை உண்டு. விடியற்காலையில், வீட்டார் வெளியே கால் வைக்கும் முன், பெருக்கித் தெளித்து, ஈரம் காய்வதற்குள் கோலமிட்டுவிட வேண்டும். கோலம் இட்டு முடித்தபின் எவரேனும் மறதியால் மற்றுமொரு வாளி நீரை வாசலில் வீசினால், தெளித்தல் என்னும் செயல் அதனால் தீயதாகிவிடுவதில்லை. அதே நீர், அதே வாளி, அதே கை. ஆயினும் கோலம் போயிற்று. அலுவலகத்து ரொக்கப் பதிவேட்டிலும் இத்தகைய வரியொன்று உண்டு. நாள் தொடங்கும்போது முந்தைய நாளின் கையிருப்பை ஆரம்ப இருப்பாக எழுதுகிறோம். அதையே நண்பகலில் இரண்டாம் முறை வரவில் எழுதிவிட்டால், மாலையில் பெட்டியிலுள்ள பணமும் ஏட்டிலுள்ள தொகையும் எவ்வளவு முயன்றாலும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

ஒருமுறை செய்தால் நன்மையும் மறுமுறை செய்தால் கேடும் தருகின்ற வேலைகள் கணிப்பொறிக்குள்ளும் இருக்கின்றன. இயந்திரம் விழித்தெழும் வேளையில் மட்டும் செய்யவேண்டிய அவ்வேலைகள், நடுப்பகலில் எவரும் கருதாமலே மீண்டும் நடந்துவிடாமல் காப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். இலக்கிய மலரில் இயந்திரப் பேச்சு எதற்கு என்று வினவுவோர் இருக்கக்கூடும். மனிதர்களின் விண்ணப்பங்களும் சான்றிதழ்களும் இன்று அந்த இயந்திரங்களுக்குள்தான் குடியிருக்கின்றன என்பது ஒரு காரணம். இச்சிக்கலின் நடுவே நம் தமிழ் இலக்கணத்துக்கு மிகவும் நெருங்கிய கருத்தொன்று அமர்ந்திருக்கக் கண்டோம் என்பது மற்றொன்று.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ், இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களை இயக்குகிறது. நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிடத் தொடங்கிய ‘பாஸ்’ என்னும் இயங்குதளம், லினக்ஸ் குடும்பத்துள் டெபியன் கிளையைச் சேர்ந்ததே. இவ்வகை இயந்திரம் விழிக்கும்போது முதலில் கெர்னல் எழுகிறது. அது தன் பங்கு வேலையை முடித்ததும், ஒன்று என்னும் எண்ணுடைய ஒரேயொரு செயல்முறையைத் தொடக்கிவைத்து, மற்ற எல்லாவற்றையும் அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. வீட்டில் முதலில் எழுந்திருக்கும் மூத்த மருமகளைப் போன்றது அது. மற்றவர்களை எழுப்புவதும் அடுப்பு மூட்டுவதும் அதன் பொறுப்பு.

பழைய முறையில் இந்த மூத்தவளுக்கு ஓர் எழுத்துப் பட்டியல் இருந்தது. கோப்புறை ஒன்றில் ‘எஸ்’ என்னும் எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் முன்னே வைத்துப் பெயரிட்ட சிறு நிரல்கள் வரிசையாக இருக்கும். அவற்றை எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவாள். கடைசி நிரல் ஓடியதும் விடியற்காலை முடிந்தது. பிறகு யாரேனும் வேண்டுமென்றே கைநீட்டி ஒரு நிரலை ஓட்டினாலன்றி அது மறுபடி ஓடாது. மந்தமான முறைதான். அந்த மந்தத்திலேயே ஒரு பாதுகாப்பும் இருந்ததென்பதைப் பின்னர்தான் பலரும் உணர்ந்தனர்.

2010-ஆம் ஆண்டில் லென்னார்ட் பெட்டரிங், கே சீவர்ஸ் என்னும் இருவர் ‘சிஸ்டம்டி’ என்னும் புதிய மூத்தவளைக் கொண்டுவந்தனர். ஃபெடோரா 2011-இலும், நீண்ட விவாதத்துக்குப் பின் டெபியன் 2015-இலும் இதனை ஏற்றன. இது வரிசை எண்ணைப் பார்ப்பதில்லை, உறவைப் பார்க்கிறது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு சிறு ஏடு உண்டு. ‘எனக்கு இன்னது வேண்டும், இன்னதற்குப் பின்னரே நான் எழுவேன்’ என்று அதில் எழுதியிருக்கும். ஒரு பணியை எழுப்பச் சொன்னால், அது கேட்கும் துணைகளையெல்லாம் தேடி, எழாதிருப்பவற்றை எழுப்பிவிட்டு, அதையும் எழுப்பும். விடியற்காலையில் மட்டுமன்று; நண்பகலானாலும் நள்ளிரவானாலும் இதே முறைதான். எந்த நேரத்திலும் குடும்பம் முழுவதையும் கூட்டவல்ல இந்தத் திறமைதான் நம் சிக்கலின் பிறப்பிடம்.

பணிகள் இரு வகைப்படும். எழுந்தபின் நாள் முழுதும் விழித்திருந்து ஊழியம் செய்பவை ஒரு வகை. இணையப் பக்கங்களை வழங்கும் மென்பொருளை இதற்குக் காட்டாகக் கொள்ளலாம். வந்து, ஒரு வேலையை முடித்து, அப்போதே விடைபெற்றுக்கொள்பவை மற்றொரு வகை. இவற்றைச் சிஸ்டம்டி ‘ஒன்ஷாட்’ என்று அழைக்கிறது. கோப்புறைகளை உண்டாக்குவது, பழைய குப்பையை அகற்றுவது ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கேதான் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. ஒன்ஷாட் பணி தன் வேலையை முடித்ததும் அதன் நிலை ‘செயலற்றது’ என்றே குறிக்கப்படுகிறது. வேலையைச் செவ்வனே முடித்துச் சென்ற பணிக்கும், இன்னும் தொடங்கவே தொடங்காத பணிக்கும் அந்தக் குறிப்பில் வேற்றுமை கிடையாது. ஆகவே, அதனைத் துணையாகக் கேட்கும் வேறொரு பணி பகலில் மறுபடி தொடக்கப்பட்டால், சிஸ்டம்டி ஏட்டைப் பார்க்கிறது, துணை எழவில்லை என்று கருதுகிறது, எழுப்புகிறது. விடியற்காலை வேலை பட்டப்பகலில் நடந்தேறுகிறது.

இதன் விளைவை நேரில் காணும் வாய்ப்பு நமக்கு நேர்ந்தது. ஓர் அலுவலகம், எது என்பது இங்கு வேண்டியதில்லை. ஓய்வூதிய மனுக்களுடன் வருவோரின் பத்திரங்களை ஸ்கேன் செய்து படியெடுத்து, மூலங்களை அப்போதே திருப்பித் தந்துவிடும் வழக்கம் அங்கு ஏற்பட்டிருந்தது. மூலங்களைக் கட்டுக்கட்டாக வாங்கிவைத்துத் தொலைப்பதைக் காட்டிலும் இது மேலான முறை என்பதில் ஐயமில்லை. படிகள் பகல் முழுதும் ஒரு தற்காலிகக் கோப்புறையில் சேரும்; மாலையில் நிரந்தர இருப்புக்கு மாற்றப்படும். மறுநாள் காலை இயந்திரம் எழும்போது, அரைகுறையாய் எஞ்சிய துண்டுகளைத் துடைத்துக் கோப்புறையை வெறுமையாக்க ஓர் ஒன்ஷாட் பணி. இணையப் பக்கத்தை வழங்கும் மென்பொருள் எழுமுன் கோப்புறை தூய்மையாக இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தால், அதன் ஏட்டில் அந்தத் துடைப்புப் பணியைத் துணையாக எழுதியிருந்தனர். எழுதியது பராமரிப்பு ஒப்பந்தம் பெற்றிருந்த ஒரு நிறுவனம்.

ஒரு நாள் நண்பகலுக்குச் சற்று முன் இணையப் பக்கம் உறைந்து நின்றது. வேறோர் ஊரில் அமர்ந்திருந்த அந்த நிறுவனத்து இளைஞர், தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி, தம் இருப்பிடத்திலிருந்தே அம்மென்பொருளை மறுபடி தொடக்கினார். அவர் செய்ததில் ஒரு பிழையும் சொல்வதற்கில்லை. எவரும் அதைத்தான் செய்திருப்பர். பக்கம் உயிர்பெற்றது. அறையில் எல்லோரும் பெருமூச்சு விட்டனர். பட்டியலைத் திறந்து பார்த்தபோது காலையிலிருந்து சேர்ந்த படிகள் ஒன்றுகூட இல்லை.

மனுதாரர்களைத் தொலைபேசியில் அழைக்கும் வேலை அறையிலிருந்த அனைவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் பங்கில் வந்தவர்களுள் குடும்ப ஓய்வூதியத்துக்காக வந்துபோன மூதாட்டி ஒருவர். இரண்டு பேருந்து மாறி வந்தவர். வீடு சேர்ந்திருக்கவுமில்லை, வழியில் நின்றுதான் பேசினார். மறுபடி வரவேண்டும் என்று நாம் சொன்னதும் சினமோ அழுகையோ இல்லாமல் தம் மொழியில் ஒன்றே ஒன்று கேட்டார். தமிழில் சொன்னால், ‘கொடுத்தாயிற்றே?’ என்று வரும். அவர் கொடுத்தது உண்மை. நாம் பெற்றதும் உண்மை. அது நடந்ததற்கான தடயம்தான் எங்கும் இல்லை. என்ன விடை சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை. மறுவாரம் வந்தார், பேருந்துச் செலவைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் நமக்குக் கூடுதல் சுமையாயிற்று.

‘கணிப்பொறி தெரிந்தவர்’ என்று அலுவலகத்தில் ஒருவருக்குப் பெயர் ஏற்பட்டுவிட்டால் பிறகு அதிலிருந்து மீள்வது கடினம். பி.ஏ. பட்டத்துக்கும் சிஸ்டம்டிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று சொல்லிப் பார்த்தும் பயனின்றி, அந்தத் துடைப்புப் பணியின் ஏட்டைப் படிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. படிக்கப் படிக்க, இளமையில் கற்ற இலக்கணம் நினைவுக்கு வந்தது.

‘பாடினள்’ என்பது வினைமுற்று. செயல் முடிந்தது, வாக்கியமும் முடியலாம். ‘பாடி’ என்பது வினையெச்சம். அடுத்து வரும் வினையை எதிர்பார்த்து நிற்பது. இவ்விரண்டுக்கும் இடையே நம் இலக்கணிகள் மூன்றாவதாக ஒன்றைக் கண்டு, அதற்கு முற்றெச்சம் என்று பெயரிட்டனர். ‘பாடினள் வந்தாள்’ என்னும்போது, பாடினள் என்பது வடிவில் முற்று. பொருளிலோ ‘பாடி’ என்னும் எச்சம். முடிந்துவிட்டது, ஆனாலும் அடுத்ததற்காக எஞ்சி நிற்கிறது. பேச்சிலும் நாம் ‘வந்தான்’ என்பதையும் ‘வந்திருக்கிறான்’ என்பதையும் ஒன்றாகக் கொள்வதில்லை. பின்னது வருகை முடிந்தபின்னும் அதன் பயன் இன்னும் இங்கே இருக்கிறது என்று சொல்கிறது. அந்த ‘இரு’ என்னும் துணைவினைதான் துடைப்புப் பணியின் ஏட்டில் இல்லாமற்போயிற்று.

சிஸ்டம்டியை ஆக்கியவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். ‘ரிமெய்ன் ஆஃப்டர் எக்ஸிட்’ என்றொரு வரி உண்டு. வெளியேறிய பின்னும் இருந்துகொண்டிரு என்பது அதன் பொருள். ஏட்டில் இதற்கு ‘யெஸ்’ என்று எழுதிவிட்டால், வேலை முடிந்து செயல்முறை மறைந்தபின்னும் பணியின் நிலை ‘ஆக்டிவ்’ என்றே நிற்கும். பக்கத்தில் ‘எக்ஸிட்டட்’ என்ற குறிப்பும் இருக்கும். அச்சு அசல் முற்றெச்சம்! இனி வேறு பணிகள் இதனைத் துணையாக அழைத்தால், ‘அது ஏற்கெனவே எழுந்திருக்கிறது’ என்று சிஸ்டம்டி கடந்துசெல்லும். அன்று நேர்ந்த விபத்தை இந்த ஒரு வரியே தடுத்திருக்கும். எழுதாவிட்டால் ‘நோ’ என்றே கொள்ளப்படும். நாள்தோறும் பலமுறை வேளை குறித்து ஓடவேண்டிய ஒன்ஷாட் பணிகளும் இருப்பதால், இதைத் தவறென்று சொல்ல நமக்கு மனமில்லை. அத்தகைய பணியின் ஏட்டில் இந்த வரியை எழுதினால், முதல் நாள் ஓடியபின் ‘எழுந்தேயிருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு மறுமுறை ஓடவே ஓடாது.

ஆனால் கதவு ஒன்றன்று. ‘தொடக்கு’ என்னும் கட்டளை எழுந்திருப்பதை எழுப்பாது, சரி. ‘மறுபடி தொடக்கு’ என்று பொருள்படும் ‘ரீஸ்டார்ட்’ அப்படியன்று. எழுந்திருப்பதை முதலில் நிறுத்தி, பிறகு எழுப்பும். துடைப்புப் பணியின் பெயரையே சொல்லி ஒருவர் அதனைக் கொடுத்தால் வேலை மீண்டும் நடக்கும். இதற்கு ‘ரெஃப்யூஸ் மேனுவல் ஸ்டார்ட்’, ‘ரெஃப்யூஸ் மேனுவல் ஸ்டாப்’ என்ற இரு வரிகள் உள்ளன. முன்னது கையால் தொடக்குவதையும், பின்னது கையால் நிறுத்துவதையும் மறுக்கும். இரண்டில் ஒன்று இருந்தாலும் ‘ரீஸ்டார்ட்’ மறுக்கப்படும். பிற பணிகளின் அழைப்பால் மட்டுமே இது நடக்கும் என்று கட்டளையிட்டவருக்கு விடை கிடைக்கும்.

மென்பொருள்களைப் புதுப்பிக்கும்போது ஒரு வேடிக்கை நேர்வதுண்டு. பொதியின் நிரல், புதுப்பித்தபின் தன் பணிகளை ‘ட்ரை ரீஸ்டார்ட்’ செய்யும் வழக்கமுடையதாயிருக்கலாம். எழுந்திருப்பவற்றை மட்டும் மறுபடி தொடக்குவது அது. எஞ்சி நிற்கும்படி நாம் எழுதிய வரியால் துடைப்புப் பணி எழுந்திருப்பதாகத் தோன்றுகிறதன்றோ? ஆகவே அதுவும் அந்த வலையில் விழுகிறது. ஒரு கதவை அடைத்த தாழ்ப்பாளே மற்றொரு கதவைத் திறக்கிறது. கைக்கட்டளையை மறுக்கும் வரி இருந்தால் இதுவும் மறுக்கப்படும் என்பது ஆறுதல்.

கைக்கட்டளையை மறுப்பதும் போதாத இடங்கள் உள்ளன. துடைப்புப் பணி தன் ஏட்டில் வேறொன்றை ‘ரிக்வயர்ஸ்’ என்று, அதாவது இன்றியமையாத துணையாக எழுதியிருந்தால், அந்தத் துணை ரீஸ்டார்ட் செய்யப்படும்போது இதுவும் உடன் இழுக்கப்படும். கணவன் ஊர் மாறினால் குடும்பமும் மாறுவதுபோல. இது உறவால் வருவது, கைக்கட்டளை அன்று, ஆதலால் மறுப்பு வரி வாய் திறக்காது. உண்மையிலேயே இன்றியமையாததாக இல்லாவிட்டால், ‘வான்ட்ஸ்’ என்னும் மென்மையான உறவையும், ‘ஆஃப்டர்’ என்னும் வரிசைக் குறிப்பையும் எழுதுவதே போதும். ஏடெழுதுவோர் பலர் கடுமையான சொல்லே பாதுகாப்பானது என்று எண்ணி ரிக்வயர்ஸ் எழுதிவிடுகின்றனர். அலுவலகக் கடிதங்களில் எல்லாவற்றுக்கும் ‘மிக அவசரம்’ என்று முத்திரை குத்துவோரின் மனப்பான்மை இது.

இன்னுமொன்று. பழுது பார்ப்பதற்காக இயந்திரத்தை ‘ரெஸ்க்யூ’ என்னும் மீட்பு நிலைக்குக் கொண்டுசென்று, அணைக்காமலே வழக்கமான நிலைக்குத் திரும்பினால், இடையில் பெரும்பாலான பணிகள் நிறுத்தப்பட்டுத் திரும்பும்போது மீண்டும் எழுப்பப்படுகின்றன. துடைப்புப் பணியும் அவற்றுள் ஒன்றாகிவிடும். நிலை மாறும்போது தன்னைத் தொடவேண்டாம் என்று சொல்ல ‘இக்னோர் ஆன் ஐசொலேட்’ என்று ஒரு வரி உண்டுதான். ஆனால் எத்தனை வரிகள்!

இதனால்தான் நமக்கு மற்றொரு முறையின்மீது பற்று மிகுதி. பணியின் நிலையை மூத்தவளின் நினைவில் மட்டும் விடாமல், வேலை நடந்ததற்கு ஓர் அடையாளத்தை வெளியே வைப்பது. ‘ரன்’ என்னும் கோப்புறை நினைவகத்திலேயே வாழ்வது. இயந்திரம் அணைந்தால் அதுவும் அழியும். அடுத்த விழிப்பில் வெறுமையாகப் பிறக்கும். அங்கே வெற்றுக் கோப்பொன்றை வைத்துவிட்டு, அக்கோப்பு இல்லாவிட்டால் மட்டும் ஓடு என்று ‘கண்டிஷன் பாத் எக்ஸிஸ்ட்ஸ்’ வரியில், ஓர் ஆச்சரியக்குறியை முன்னிட்டு எழுதினால் போதும். யார் அழைத்தாலும், எந்த உறவு இழுத்தாலும், கோப்பு இருக்கும்வரை பணி ஓடாது. தோல்வி என்ற குறிப்பும் வராது. நிபந்தனை பொருந்தாமையால் விடப்பட்டது என்று மட்டும் பதிவாகும். அதனைக் கேட்ட பிற பணிகள் தடையின்றித் தொடரும். இயந்திரத்தின் வாழ்நாளிலேயே ஒருமுறைதான் நடக்கவேண்டும் என்றால், அணைந்தாலும் அழியாத ‘வார் லிப்’ கோப்புறையில் அடையாளத்தை வைக்கவேண்டும். 2023-இல் வந்த சிஸ்டம்டி 254-ஆம் பதிப்பு முதல் ‘சாஃப்ட் ரீபூட்’ என்றொரு அரைத்தூக்கமும் வந்திருக்கிறது. கெர்னல் விழித்திருக்க மற்றவை மட்டும் உறங்கி எழுவது. அதில் ரன் கோப்புறை அழியாமல் தொடர்கிறது என்பதை இம்முறையைக் கையாள்வோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

அடையாளத்தை வேலைக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா? இதில் நாம் சற்றுப் பிடிவாதக்காரர். ஆக்கும் வேலையானால் பின்னர் வைக்கலாம். பாதியில் நின்றால் மறுபடி முயல்வதில் இழப்பில்லை. அழிக்கும் வேலையானால் முன்னரே வைத்துவிட வேண்டும். பாதி அழித்து நின்றுபோன பணி, பகலில் வந்து மீதியையும் அழிப்பதைவிட, குப்பை ஒரு நாள் கிடப்பது மேல். ஒன்ஷாட் பணியில் பல கட்டளை வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதலாம்; முன்னது தோற்றால் பின்னது நடவாது. ஆகவே முதல் வரியில் அடையாளம், இரண்டாம் வரியில் துடைப்பு.

இவை அனைத்துக்கும் மேலாக, இரண்டாம் முறை நடந்தாலும் தீங்கு செய்யாதபடி வேலையையே அமைப்பது ஒன்று இருக்கிறது. தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் மென்பொருள், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி அடையாளச் சாவிகளை உண்டாக்குகிறது. அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்கினால், வழக்கமாக வருவோர்க்கெல்லாம் ‘இது நீங்கள் அறிந்த இயந்திரம் அன்று’ என்று எச்சரிக்கை தோன்றும். ஆகவே அதனை ஆக்கும் கட்டளை, எந்தச் சாவி இல்லையோ அதை மட்டும் உண்டாக்கும்படி எழுதப்பட்டுள்ளது. நூறு முறை ஓட்டினாலும் நட்டமில்லை.

எல்லா வேலைகளையும் அப்படி அமைத்துவிட முடியாது என்பதற்குச் சிஸ்டம்டியே சான்று. தற்காலிகக் கோப்புகளைப் பேணும் அதன் ஏடுகளில், சில வரிகளின் வகையெழுத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி நிற்கும். திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் மென்பொருளின் பழைய பூட்டுக் கோப்புகளை அகற்றும் வரி அத்தகையது. விடியற்காலையில் அப்பூட்டுகள் நேற்றைய எச்சங்கள், அகற்றவேண்டியவை. பகலில் அவை ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பூட்டுகள், அகற்றினால் கேடு. கோப்பின் பெயரில் வேற்றுமையில்லை, வேளையில்தான் வேற்றுமை. அந்தக் குறியுள்ள வரிகள், ‘இது விழிக்கும் வேளை’ என்று வெளிப்படையாகச் சொல்லி அழைத்தாலன்றி நடவா. அங்கே இல்லாமையைக் குறித்த ஆச்சரியக்குறி இங்கே காலத்தைக் குறிக்கிறது. பயில்வோரை மயக்குவதற்கென்றே இப்படி வைத்தார்களோ என்று சில வேளை தோன்றும்.

மேற்சொன்ன அலுவலகத்தில் முதலில் எஞ்சி நிற்கும் வரியும் மறுப்பு வரிகளும் மட்டுமே சேர்க்கப்பட்டன. அந்நிறுவனத்து இளைஞர் இம்முறை நேரில் வந்திருந்தார். தற்காலிகக் கோப்புறையில் வெற்றுத்தாள் ஒன்றின் படியை வைத்துவிட்டு, இணையப் பக்கத்தை மறுபடி தொடக்கினோம், தாள் இருந்தது. துடைப்புப் பணியின் பெயர் சொல்லி ரீஸ்டார்ட் கொடுத்தோம், மறுக்கப்பட்டது. மென்பொருள் பொதியைப் புதுப்பித்துப் பார்த்தோம், அப்போதும் இருந்தது. மீட்பு நிலைக்குச் சென்று திரும்பியபோது தாளைக் காணவில்லை. அதன் பிறகே ரன் கோப்புறையில் அடையாளம் வைக்கும் முறையைச் சேர்த்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒருமுறை செய்து முடிக்க மாலை ஆறு மணியாயிற்று. தாளை அப்படியே விட்டுவிட்டு, இயந்திரத்தை அணைத்து வீடு சென்றோம். காலையில் வந்து பட்டியலைத் திறந்தோம். கோப்புறை வெறுமையாக இருந்தது. பத்து மணிக்கு முதல் மனுதாரர் வந்தார்.